வீட்டு ஜோடி

ஐந்து பத்துக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். நின்றபடியே காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டை, பூட்ஸ், கருவிப் பை, தாளில் சுற்றிய நான்கு துண்டு ரொட்டி. ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினான். ஏழு மாதமாக இதில் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் டாக்டர், "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். துணைக்கு அவளுடைய தங்கை இருந்தாள். அவன் வேலைக்குப் போனான். பதினான்காம் மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் போன் இருந்தது. சிக்னலும் இருந்தது. அது அடிக்கவே இல்லை. மதியம் அடித்தபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மைத்துனியிடம் அவன் ஒன்றுதான் கேட்டான்.

"என்னைக் கேட்டாளா?"

"இல்ல, மாமா."

அதற்குமேல் அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேச்சே நின்றுபோயிற்று. கேட்கவில்லையாம். சோப்பு தீர்ந்ததற்கெல்லாம் ஆறு வருடம் போன் பண்ணியவள், கடைசியாக அவனைக் கேட்கவில்லையாம். இதைத்தான் அவன் தினமும் கருவிப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனான்.

வேறு கிளைக்கு மாற்றல் கேட்டான். கிடைத்தது. அங்கே அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

புதுக் கிளையில் ஆங்கில வகுப்பு நடந்தது. புதிதாக வந்த லிஃப்ட்டுகள் நின்றுபோனால், எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஓர் எஞ்சினியர் போனில் வருவார். அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஆகவே எல்லா மெக்கானிக்கும் அடிப்படை ஆங்கிலத்தில் பாஸாக வேண்டும். பாஸாகாதவன் ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணி பொறுக்க வேண்டியதுதான். ஸ்டோருக்கு மேலே இருந்த அறையில் காலை ஆறரைக்கு வகுப்பு.

டீச்சர் ஒல்லி. சமையலறையில் வைக்கிற டைமர் ஒன்றைக் கையிலேயே வைத்திருப்பார்.

"சவரம் யார் பண்ணிவிடறா? நீங்களே பண்ணிக்கறீங்க. அது மைசெல்ஃப். உங்க முதுகுல இருக்கிற சேஃப்டி பெல்ட் கொக்கியை நீங்களே பார்க்க முடியுமா? முடியாது. உங்க ஜோடி பார்க்கறார். அவரோடதை நீங்க பார்க்கறீங்க. அது ஈச் அதர். புரியுதா? ஒருத்தர் தனக்குத்தானே பண்ணிக்கிட்டா செல்ஃப். ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பண்ணிக்கிட்டா ஈச் அதர்."

விசில் கையைத் தூக்கினார். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குள் ஆளைக் கூப்பிட அவர் அடிக்கிற விசில் எட்டு மாடி கேட்கும். அதனால் அந்தப் பெயர். வேலையில் அவனுக்கு ஜோடி அவர்தான்.

"டீச்சர், என் சம்சாரம் என்னைத் திட்டறா. நான் திருப்பித் திட்டறதில்ல. அது என்ன?"

"அது குடும்பம். உட்காருங்க."

டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் 'ஜோடி நோட்டு' என்று ஒரு நோட்டு. வீட்டில் யாராவது ஒருவரோடு தினமும் ஐந்து வரி ஆங்கிலத்தில் பேசி எழுத வேண்டும். அவரவர் வரியை அவரவர் கையால், ஆளுக்கொரு மையில். கடைசியில் பரீட்சைக்கும் அந்த ஜோடி நேரில் வர வேண்டும்.

படிவத்தில் 'வீட்டு ஜோடி' என்று ஓர் இடம் இருந்தது. அவன் 'மனைவி' என்று எழுதினான். யோசிக்கவில்லை. ஆறு வருடமாக எல்லாப் படிவத்திலும் எழுதிய சொல். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. பார்த்து அடிப்பதற்குள் டீச்சர் தாளை உருவிக்கொண்டார்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். அங்கே விசிலின் நோட்டு கிழிபட்டுக்கொண்டிருந்தது.

"இது என்ன? 'யூ ஆர் எ குட் ஹஸ்பண்ட்.' அஞ்சு வரியும் இதேதான். எந்தப் பொண்டாட்டியும் அஞ்சு வரி இப்படி எழுத மாட்டா. நீங்களே எழுதினதுதானே?"

"மைசெல்ஃப், டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "உங்க நோட்டு?"

"நாளைக்கு" என்றான். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை நோட்டைப் பிரித்து வைத்தான். வலது கையால் நீல மையில் எழுதினான்: ஐ மேட் காபி மைசெல்ஃப். காபியை நானே போட்டேன்.

பச்சைப் பேனாவை இடது கையில் எடுத்தான். இடது கைக்குப் பழக்கமில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு யுகம் பிடித்தது. நீளமாக எழுதத் தெம்பில்லாததால் சுருக்கமாக வந்தது: தென் வாஷ் த க்ளாஸ் யுவர்செல்ஃப். அப்போ கிளாஸையும் நீங்களே கழுவுங்க.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். அது அவன் யோசித்த வரி இல்லை. அவன் 'வெரி குட்' என்று எழுதத்தான் கையைத் தூக்கினான்.

அடுத்த பக்கத்தில், டீச்சர் சொன்னபடி, நீல மையில் எழுதினான்: வீ லவ் ஈச் அதர்.

பச்சை மை நடுங்கி நடுங்கி நகர்ந்தது. யூ லவ் யுவர் ஸ்பேனர். ஸ்பேனர் லவ்ஸ் யூ. தட் இஸ் ஈச் அதர்.

அவன் சிரித்துவிட்டான். தன் சிரிப்பின் சத்தத்தில் தானே திடுக்கிட்டான். பிறகு வெகுநேரம் தன் இடது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடம் பக்கத்திலேயே இருந்து சுருக்சுருக்கென்று குத்திக்கொண்டிருந்த குரல். அது எங்கே போயிற்று என்று ஏழு மாதமாகத் தேடியிருக்கிறான். சட்டைக் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

டீச்சர் பச்சை மைக்குப் பத்துக்குப் பத்து போட்டார். நீலத்துக்கு ஆறு.

"உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுக் கத்துக்குங்க" என்றார்.

அவன் அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் டீச்சர் பச்சை வரிகளைச் சத்தமாகப் படித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பெல்ட்டை மாட்டும்போதே விசில் கேட்பார்: "தம்பி, இன்னைக்கு மகராசி என்ன போட்டுத் தாக்கியிருக்கு?" ஸ்டோர்க்காரர் ஒரு வரியைத் தாளில் எழுதித் திருகாணி டப்பாவில் ஒட்டியே வைத்துவிட்டார். அவன் ஏழுக்கு முன்னேறினான். பச்சை மை பத்திலிருந்து இறங்கவே இல்லை. ஒரு நாள் அவனுக்குப் பொறாமைகூட வந்தது.

மூன்றாம் வாரம் டீச்சர் சொன்னார்: "எழுத்து போதும். இனிமே குரல் வேணும். உங்க வீட்டம்மாவைப் பேச வெச்சு போன்ல பதிவு பண்ணிட்டு வாங்க."

"அவளுக்குத் தொண்டை சரியில்ல, டீச்சர்."

மறுநாள் அவன் மேஜையில் மூன்று வகைத் தொண்டை மாத்திரை, ஒரு புட்டி தேன், ஒரு டாக்டரின் சீட்டு. அதற்கடுத்த நாள் கழுத்தில் சுற்றும் கம்பளித் துணி. பத்தாம் நாள் விசில் கவலையோடு கேட்டார்: "பத்து நாளாவா தொண்டை? எக்ஸ்ரே எடுத்தியா?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, அண்ணே. ரெஸ்ட்டுக்கு."

"அப்ப நேத்து பச்சை மையில எழுதினது யாரு?"

"தினமும் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கிட்டு நான் போறேன்."

வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தினமும் மாமியார் வீட்டுக்குப் போகிற மனிதன். அவர்கள் அப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், ரெஸ்ட், புருஷன் தினமும் போய்ப் பார்க்கிறான். இவ்வளவையும் விசில் தன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி இரண்டும் இரண்டும் நாலு என்று கணக்குப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை விசில் ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே மஞ்சள் கம்பளியில் இரண்டு காலுறைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு.

"எத்தனாவது மாசம்?" என்றார், ரகசியக் குரலில். அந்த ரகசியம் கீழே ஸ்டோர் வரை கேட்டது.

அவன் காலுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கூடிப்போனால் ஒரு முட்டையின் எடைதான். மொத்த உடம்பையும் கீழே இழுத்தது.

"அதெல்லாம் இல்ல, அண்ணே."

"பின்ன?"

வேறு எதுவும் தோன்றவில்லை. "சின்னச் சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா."

அவன் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். தொண்டைக்கு மாத்திரை கொடுத்தவர்கள் சண்டைக்குச் சும்மா இருப்பார்களா? 'கோபப்படுகிற மனைவி இத்தனை நாள் விடாமல் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பாளா' என்று ஸ்டோர்க்காரர் உருகினார். அவளைப் போல ஒரு பெண் உலகத்தில் உண்டா என்று கேட்டார். 'தப்பு முழுக்க உன்மேலதான்' என்று வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஜோடி வராவிட்டால் அவன் ஸ்டோருக்குத்தான்.

"நீ பேசாம இரு. நான் பார்த்துக்கறேன்" என்றார் விசில்.

பார்த்தும் கொண்டார். ஆபீஸ் ரிஜிஸ்டரில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்ற இடத்தில் அவன் மைத்துனியின் நம்பரைக் கொடுத்திருந்தான். கொடுக்க வேறு ஆள் இல்லை. விசில் அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. மைத்துனி நின்றிருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"ஒருத்தர் போன் பண்ணினார், மாமா. அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைக்கச் சொன்னார்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நீ என்ன சொன்னே?"

"வெச்சுடுங்க, அனுப்பி வைக்கறேன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? அந்த மனுஷன் போன்ல அழறார்."

அவன் நோட்டை எடுத்துக் கொடுத்தான். வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். கிளாஸ் வரியில் 'களுக்' என்றாள். ஸ்பேனர் வரியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி நோட்டில் அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பா வேறா என்று தெரியவில்லை.

"யார் எழுதினது இது?"

"இடது கை."

"மாமா, இது அக்காவேதான். அவ நின்னுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு." குரல் தாழ்ந்திருந்தது. ஆள் தூங்குகிற அறைக்குள் பேசுவது போல. "எப்படி மாமா?"

"தெரியல."

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். பச்சை மையில் ஒரே ஒரு வரி. ஐ ஆஸ்க்ட் ஃபார் யூ. வேர் வேர் யூ? உங்களைக் கேட்டேன். எங்கே இருந்தீங்க?

அவள் முகம் மாறிற்று. நோட்டை மூடினாள்.

"இது மட்டும் அக்கா இல்ல" என்றாள்.

ஏன் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயைத் திறந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம். பரீட்சை எத்தனை மணிக்கு?"

"நீ வந்தா அது பொய்யாயிடும்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள். படியிறங்கிப் போனாள்.

பரீட்சை அன்று அவள் ஆறரைக்கு டாணென்று வந்து நின்றாள். வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. யாரும் எழச் சொல்லவில்லை. டீச்சர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! இருபது வருஷமா சொல்லிக் கொடுக்கறேம்மா. இப்படி ஒரு கையைப் பார்த்ததில்ல."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது, டீச்சர்" என்றாள் மைத்துனி.

"தொண்டை இப்ப தேவலையா?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"கோவம் போச்சா?" என்றார் விசில்.

விசிலின் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் வயிற்றை மட்டும் பார்த்தார்.

ஜோடி ஜோடியாக முன்னால் போய் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் உள்ளபடி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தமிழ் வந்தால் மார்க் போகும். விசிலுக்கும் மனைவிக்கும் 'ஒருவரையொருவர் பாராட்டுங்கள்' என்று வந்தது.

"யூ ஈட் வெல்" என்று ஆரம்பித்தார் மனைவி.

விசில் வெகுநேரம் யோசித்தார். "யூ குக்."

"குக் வெல்லா?" என்றார் டீச்சர்.

"பரீட்சையில பொய் சொல்லலாமா, டீச்சர்?"

மிச்ச நான்கு நிமிடமும் அந்த அம்மாள் ஆங்கிலத்திலேயே பேசினார். இடையில் மூச்சுவிடவில்லை. இத்தனை ஆங்கிலம் தனக்குத் தெரியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. டீச்சர் டைமரை அடித்து நிறுத்திவிட்டு இருவரையும் பாஸ் போட்டார்.

அடுத்தது அவன். சீட்டைப் பிரித்தான். 'இதுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத ஒன்றைக் கேளுங்கள்.'

டைமர் ஓட ஆரம்பித்தது. அவன் தயாரித்து வைத்திருந்தது சந்தை, கடை, மழை பற்றி. அதில் ஒரு வரியும் வரவில்லை. அவளைப் பார்த்தான். இத்தனை மாதமாகத் தமிழில் நாக்கில் ஏறாத வரி, அரைகுறை ஆங்கிலத்தில், யாரோ கேட்பது போல வெளியே வந்தது.

"தட் டே. வொய் யூ டிட் நாட் ஆஸ்க் ஃபார் மீ?"

அன்னைக்கு ஏன் என்னைக் கேக்கலை?

டீச்சர் இலக்கணத்தைத் திருத்த வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஷி..." என்றாள் மைத்துனி.

"ஷி இல்லம்மா" என்றார் டீச்சர் மெல்ல. "உங்களைத்தானே கேக்கறார்? ஐ-ன்னு ஆரம்பிங்க."

"ஷி" என்றாள் அவள் மறுபடியும். "எனக்கு இங்கிலீஷ்ல இதைச் சொல்ல வராது, டீச்சர்."

"தமிழ்ல சொன்னா மார்க்கைக் குறைக்கணும்மா."

"குறைச்சுக்குங்க. நான் இவர் சம்சாரம் இல்ல. அவளோட தங்கச்சி. அக்கா செத்து எட்டு மாசம் ஆச்சு."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதன்பின் அந்த அறையில் டைமர் மட்டும் ஓடியது. டீச்சர் அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் மூடினார்.

மைத்துனி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைக் கேட்டாளான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன். அது உண்மைதான், மாமா. ஏன்னு கேட்டிருந்தா ஏன்னும் சொல்லியிருப்பேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. நானும் விட்டுட்டேன்."

"இப்ப கேக்கறேன்."

"மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் நான் போனை எடுத்துட்டேன். உங்க நம்பரைப் போட்டுட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள அக்கா என் கையிலேருந்து பிடுங்கிக் கட் பண்ணிட்டா. அந்த உடம்புல அந்த பலம் எங்கேருந்து வந்துச்சோ, எனக்கு இன்னும் தெரியல. போனை இடுப்புக்குக் கீழ வெச்சு அழுத்திக்கிட்டா. கடைசி வரைக்கும் குடுக்கல."

"ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா" என்றாள் மைத்துனி. "'அவருக்கு இப்ப அடிக்காதடி. உச்சியில நின்னுக்கிட்டிருப்பாரு. போன் அடிச்சா அந்த லூசு ரெண்டு கையையும் விட்டுட்டு எடுக்கும்.'"